கடைப் பெயர் ஒன்று, உங்கள் பெயர் ஒன்று: குமரி மாவட்டத்தில் தொழில் பெயரைப் பதிவது எப்படி?

கடைக்குப் பெயர் வைத்தாயிற்று, போர்டும் எழுதியாயிற்று, வியாபாரமும் மெல்ல ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் பெரிய ஆர்டர் வருகிறது. வாங்கியவர் கடைப் பெயரில் செக் எழுதித் தருகிறார். அதை உங்கள் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் போட்டால் வங்கி ஏற்காது. பெயரை முறைப்படி பதிய வேண்டும் என்று பெரும்பாலோர் யோசிப்பதே அப்போதுதான்.

எங்கள் வீட்டில் ஏத்தங்காய் சிப்ஸும் தேனும் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தபோது நாங்களும் இந்த இடத்தில்தான் நின்றோம். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பஞ்சாயத்தில் பதியணும் என்றார் ஒருவர், ரிஜிஸ்டர் ஆபீசில் பதியணும் என்றார் இன்னொருவர். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் "பெயர் ரிஜிஸ்ட்ரேஷன்" என்று சொல்லி, அரசு இலவசமாகத் தருகிற சான்றிதழுக்கு நல்ல தொகை கேட்டார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு, பெயரை மட்டும் பதிந்து தரும் அலுவலகம் என்று நம் நாட்டில் ஒன்று கிடையாது. அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் அங்குள்ள முறையைச் சொல்வார்கள், அது இங்கே பொருந்தாது. இங்கே உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு), ஜிஎஸ்டி, உள்ளாட்சி உரிமம், வங்கிக் கணக்கு என்று பல காகிதங்களில் உங்கள் பெயரும் கடைப் பெயரும் சேர்ந்து நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் நின்றால், அதுதான் பதிவு.

1. நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் ஒருவரே முதலாளி என்றால் புரொப்ரைட்டர்ஷிப். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி உங்களுக்குத்தான். சட்டத்தின் பார்வையில் கடையும் நீங்களும் ஒன்றே. கடைக்குத் தனி பான் கார்டு கிடையாது, உங்கள் பான்தான் கடைக்கும்.

இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தினால் அது கூட்டு நிறுவனம். அதற்குப் பத்திரம், தனி பான், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எல்லாம் உண்டு. அதைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன்.

2. அந்தப் பெயர் வேறு யாருக்கும் சொந்தமா என்று தேடுங்கள்

போர்டு எழுதக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. செலவு இல்லை, ஒரு மாலைப்பொழுது போதும்.

வணிகப் பெயரை ஒருவருக்கே உரிமையாக்கித் தருவது டிரேட்மார்க். அதன் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் வசதி இருக்கிறது. அதில் உங்கள் பெயரை அப்படியே போட்டுத் தேடுங்கள். அப்புறம் ஒலிப்பு ஒத்துப்போகும் பெயர்களையும் தேடுங்கள். தேடும்போது பொருள் வகை எண் கேட்கும். சிப்ஸ், சமையல் எண்ணெய், கருவாடு போன்றவை 29. தேன், கருப்பட்டி, மசாலாப் பொடி, பேக்கரி பண்டங்கள் 30. சாப்பாட்டுக் கடை 43. தேங்காய் எண்ணெயைச் சமையலுக்கு என்று விற்றால் 29, தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3. மொத்தம் 45 வகைகள் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் அடிக்கடி மாட்டுகிற இடம் ஊர்ப் பெயர். "நாகர்கோவில் ஏத்தங்காய் சிப்ஸ்" என்று கடைக்குப் பெயர் வைப்பதில் தப்பில்லை. ஆனால் ஊரின் பெயரும் பொருளின் பெயரும் மட்டுமே உள்ள பெயரை நாளைக்கு உங்களுக்கே சொந்தம் என்று டிரேட்மார்க் வாங்குவது மிகவும் கடினம். கன்னியாகுமரி மட்டி வாழை, ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய், கன்னியாகுமரி கிராம்பு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்கள் அந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது. தனி ஒருவர் டிரேட்மார்க்காக எடுத்துக்கொள்ளச் சட்டம் விடாது. ஊரின் பெயர் வேண்டும் என்று ஆசை இருந்தால், முன்னால் உங்களுடையதே ஆன ஒரு சொல்லைச் சேருங்கள்.

இன்னும் சில. "லிமிடெட்", "பிரைவேட் லிமிடெட்" என்ற சொற்களை, கம்பெனியாகப் பதியாதவர்கள் போடக்கூடாது, நாள் கணக்கில் அபராதம் உண்டு. அசோகச் சின்னம், தேசியக் கொடி, மகாத்மா காந்தியின் படம் அல்லது பெயர் ஆகியவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

3. ஆங்கில எழுத்தை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்

இதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். உதாரணத்துக்குத் "தென்றல் ஃபுட்ஸ்" என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதலில் வரும் 'T'யோடு 'H' சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். நடுவில் ஒருவர் 'D' போடுவார், ஒருவர் விட்டுவிடுவார். கடைசியில் 'ஃபுட்' என்பதா 'ஃபுட்ஸ்' என்பதா? 'புராடக்ட்ஸ்' என்று கூட வருமா? உத்யம் சான்றிதழில் ஒரு எழுத்தும் உரிமத்தில் இன்னொரு எழுத்தும் இருந்தால், வங்கி மேசையில் இரண்டும் இரண்டு கடைகள். அங்கே என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்பார்கள்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் தமிழ்ப் பெயர், அதன் கீழே ஆங்கில எழுத்துகளில் பெயர், முழு முகவரி, பின்கோடு, மொபைல் எண், மெயில் முகவரி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். புள்ளி, 'அண்ட்' குறி, இடைவெளி வரை முடிவு செய்துவிடுங்கள். அதை ஃபோட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொண்டு, இ-சேவை மையத்திலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ யார் டைப் அடித்தாலும் அதைப் பார்த்தே அடிக்கச் சொல்லுங்கள். "சப்மிட்" அமுக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பின்னால் திருத்த அலையப்போவது நீங்கள்தான்.

4. உங்கள் சொந்தப் பெயர் ஒத்துப்போகிறதா?

ஆதாரில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ஜிஎஸ்டியில் சட்டப்படியான பெயர் பான் கார்டில் இருந்துதான் வரும், சரிபார்ப்பு ஆதார் வழியாக நடக்கும். ஆகவே இரண்டையும் முதலில் ஒன்றாக்கிவிடுங்கள்.

பொதுவாக பான் கார்டை ஆதாரைப் போல மாற்றுவது நல்லது. ஆதாரில் பெயர் மாற்றம் ஆயுளுக்கு இரண்டு முறைதான். அதை அவசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பான் திருத்தத்துக்கு நூறு ரூபாய் சொச்சம் ஆகும். ஆதாரோடு இப்போது கையில் இருக்கிற மொபைல் எண் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும்.

5. உத்யம் பதிவு: செலவு ஒன்றுமில்லை

கடைப் பெயரைத் தாங்கி முதலில் உங்கள் கைக்கு வரும் அரசுக் காகிதம் இதுவாக இருக்கட்டும். ஆதார், பான், மொபைல், முகவரி, வங்கிக் கணக்கு எண் இருந்தால் போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. இப்போதைக்கு உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணையே கொடுக்கலாம், நடப்புக் கணக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். சட்டப்படி ஜிஎஸ்டி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஜிஎஸ்டி எண் தேவையில்லை.

இங்கே பெரிய பொறி போலித் தளங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் கேட்கும் தளம்தான். அரசுத் தளம் போலவே சின்னங்கள் எல்லாம் போட்டிருப்பார்கள். தள முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடன், மானியத் திட்டங்களுக்கும் அங்கேதான் போக வேண்டியிருக்கும் என்பதால் ஒருமுறை போய் வருவது நல்லதுதான்.

தொழில் வகை கேட்கும்போது கவனம். நீங்களே சிப்ஸ் பொரித்து விற்றால் அது உற்பத்தி. வாங்கி விற்றால் வணிகம். வணிகர்களுக்கு உத்யம் கிடைக்கும், ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமை என்ற அளவோடு பலன் நின்றுவிடும். உற்பத்தி செய்கிறவர் தெரியாமல் வணிகம் என்று போட்டுவிட்டால் பின்னால் மானியத்துக்குப் போகும்போது இடிக்கும்.

6. முகவரிச் சான்றைத் தயார் செய்யுங்கள்

ஜிஎஸ்டி, உரிமம், வங்கி, மூன்றும் கேட்பது இதைத்தான். தாமதம் ஆவதும் பெரும்பாலும் இங்கேதான்.

சொந்தக் கட்டடம் என்றால் உங்கள் பெயரில் உள்ள கரண்டு பில் அல்லது வீட்டு வரி ரசீது போதும். வாடகை என்றால் வாடகை ஒப்பந்தமும், கட்டட உரிமையாளர் பெயரில் உள்ள கரண்டு பில் அல்லது வீட்டு வரி ரசீதும். அப்பாவோ மனைவியோ உரிமையாளர் என்றால் சம்மதக் கடிதம் ஒன்று, அவர்களுடைய அடையாள அட்டை நகல், அதே பில். சம்மதக் கடிதம் வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும் என்று 2025 ஏப்ரலில் மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில் இருக்கிறது. முத்திரைத் தாளில்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த அறிவுறுத்தலைக் காட்டிப் பேசலாம்.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கரண்டு பில் இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அது உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரில் இருந்தால் அதைக் கொடுங்கள். இரண்டுமே தாத்தா பெயரில்தான் என்றால், பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இரண்டு, கிராம அலுவலகத்தில் நிலத்துக்குக் கரம் (நில வரி) தீர்த்த ரசீது வேறு, பஞ்சாயத்தில் கட்டடத்துக்குக் கட்டும் வரி ரசீது வேறு. இங்கே கேட்பது கட்டட வரி ரசீது.

கதவு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கரண்டு பில்லில் பழைய எண், வரி ரசீதில் புதிய எண் என்றால், ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

7. ஜிஎஸ்டி: களியக்காவிளையைத் தாண்டுகிறீர்களா?

தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி கட்டாயம். பெரும்பாலான ஊர்களில் புதுக் கடைக்காரர் இதோடு நிறுத்திவிடலாம். நம்மால் முடியாது. களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் வரும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கத்து ஊர்கள், ஆனால் சட்டத்துக்கு வேறு மாநிலம், கேரளா. வரி உள்ள பொருளை அங்குள்ள கடைகளுக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி எண் எடுத்தே ஆக வேண்டும். ஒரு பெட்டி சிப்ஸ் என்றாலும் அப்படித்தான். மார்த்தாண்டத்தில் உங்கள் கடைக்கே வந்து ரொக்கத்துக்கு வாங்கிப் போகிற வாடிக்கையாளரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் அங்கே சப்ளை செய்வதுதான் விஷயம்.

வரியும் கணக்கும் சுலபம் என்று, விற்றுமுதலில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கக்கூடாது. கேரள ஆர்டர் வரும் என்று சிறு எதிர்பார்ப்பு இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. ஆடிட்டர் வாங்குவது அவருடைய வேலைக்கான கூலி; எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மாதா மாதம் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) போடுவதற்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து. தேவை: பான், ஆதார், ஃபோட்டோ, முகவரிச் சான்று. படிவத்தில் சட்டப் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் தானாக வரும். வணிகப் பெயர் என்ற இடத்தில் கடைப் பெயரைப் போட வேண்டும். அதைக் காலியாக விட்டால் சான்றிதழில் கடைப் பெயரே இருக்காது; எதற்காக இவ்வளவும் செய்கிறோமோ அது நடக்காமல் போய்விடும்.

ஆதார் சரிபார்ப்பு ஒழுங்காக முடிந்தால் ஏழு வேலை நாளில் வர வேண்டும். நேரில் ஆய்வு என்று போனால் முப்பது நாள் வரை ஆகலாம். கைரேகை பதிய சேவை மையத்துக்கு வரச் சொல்லி மெயில் வந்தால் சொன்ன தேதியில் போய்விடுங்கள். அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். அந்த நோட்டீஸ் தபாலில் வராது. ஆடிட்டர் தன் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் உங்களுக்கு வந்ததே தெரியாது. ஆகவே படிவத்தில் உங்கள் மெயிலையும் உங்கள் மொபைலையும் மட்டும் கொடுங்கள்.

8. உள்ளாட்சி உரிமமும் உணவுப் பதிவும்

கடை நாகர்கோவில் மாநகராட்சிக்குள் இருந்தால் அங்கே. குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை போன்ற நகராட்சிகளில் அந்தந்த அலுவலகத்தில். மற்றபடி பேரூராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம் பெற வேண்டும். கட்டணம் தொழிலையும் இடத்தின் அளவையும் பொறுத்து மாறும். விண்ணப்பத்தில் "கடையின் பெயர்" என்ற இடம் இருக்கும். அங்கே மூன்றாவது படியில் எழுதிய தாளைப் பாருங்கள். கட்டட வரி பாக்கி இருந்தால் உரிமம் நிற்கும், அதனால் உரிமையாளரிடம் முன்னமே கேட்டுவிடுங்கள்.

சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறிய அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தின் கீழ் பாக்கெட் போடுபவராகவும் பதிய வேண்டும். அதற்கு 500 ரூபாய், தொழிலாளர் துறை. இந்த இரண்டு எண்ணும் வரும் முன் ஆயிரக்கணக்கில் கவர் அச்சடித்துவிடாதீர்கள்.

9. நடப்புக் கணக்கு

கடைப் பெயரில் கணக்கு தொடங்க, கடைப் பெயரும் முகவரியும் உள்ள இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியின் விதி அது. உத்யம் சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், ஜிஎஸ்டி சான்றிதழ், கடைப் பெயரில் உள்ள கரண்டு பில் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு கிடைக்க வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தியானால், நேரில் வந்து பார்த்துவிட்டு ஒன்றை வைத்தே தொடங்கவும் விதியில் இடம் இருக்கிறது. கிளை மேலாளரிடம் பணிவாக இதைச் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது.

கூடவே பான், ஆதார், ஃபோட்டோ, "புரொப்ரைட்டர்" என்று உள்ள ரப்பர் சீல். கடையைப் பார்க்க ஆள் வருவார்கள், அதற்குள் போர்டு மாட்டியிருக்க வேண்டும். மினிமம் பேலன்ஸ் வங்கிக்கு வங்கி பெரிய வித்தியாசம். சேமிப்புக் கணக்கு மாதிரி நினைத்துத் தொடங்கிவிட்டு, மாதா மாதம் பிடித்தம் போவதைப் பார்த்துத் தவிப்பவர்கள் நிறைய. இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

ஜிஎஸ்டி எண் வந்த முப்பது நாளுக்குள் இந்தக் கணக்கு விவரத்தை ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்க வேண்டும். மறந்தால் எண்ணை நிறுத்திவைப்பார்கள். கியூஆர் கோடையும் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், பணம் அனுப்புகிறவர் திரையில் கடைப் பெயர் தெரியும்.

10. பெயர்ப்பலகை

கடைப் பெயர் தமிழில் முதலில், மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். எல்லைப் பக்கம் மலையாளமும் சேர்த்து எழுதும் வழக்கம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். எழுதலாம், ஆனால் மூன்றாவதாக. ஜிஎஸ்டி எடுத்தவர்கள் எண்ணைப் போர்டிலும், சான்றிதழைக் கடைக்குள் கண்ணில் படும்படியும் வைக்க வேண்டும்.

11. பெயர் உங்களுக்கே சொந்தமாக வேண்டுமா? டிரேட்மார்க்

மேலே சொன்ன எந்தக் காகிதமும் இன்னொருவர் அதே பெயரை வைப்பதைத் தடுக்காது. உத்யத்தில் ஒரே பெயரில் எத்தனை கடை வேண்டுமானாலும் இருக்கலாம். தடுக்கும் உரிமை டிரேட்மார்க்கில்தான் உறுதியாகக் கிடைக்கும்.

தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. சிறு தொழில் என்று காட்ட உத்யம் சான்றிதழே போதும். நமக்குரிய பதிவகம் சென்னை. நேரில் போக வேண்டியதில்லை. பரிசோதனை முடிந்து இதழில் வெளியானபின், ஆட்சேபம் சொல்ல நான்கு மாதம் அவகாசம் தருவார்கள். பதிவானால் பத்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நாள் முதல் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பின்தான். முன்னால் போட்டால் அபராதம் உண்டு.

தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு இது அவசரம் இல்லை. பாக்கெட்டில் பெயர் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்பது என் கருத்து.

12. இரண்டு பேர் சேர்ந்து நடத்தினால்

முத்திரைத் தாளில் கூட்டுப் பத்திரம், அதை வைத்து நிறுவனத்துக்குத் தனி பான், பிறகு 1932-ஆம் ஆண்டுக் கூட்டு நிறுவனச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. பதிவு கட்டாயம் இல்லைதான். ஆனால் பதியாத நிறுவனம், பணம் தராமல் ஏமாற்றியவர் மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. அண்ணன் தம்பிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பெயரில் ஒரு கட்டுப்பாடு இங்கே உண்டு. ராயல், கிங், குயின், எம்பரர், இம்பீரியல், கிரவுன் போன்ற சொற்களும், அரசின் ஆதரவு இருப்பதாகத் தோன்றவைக்கும் சொற்களும் மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. பத்திரம் எழுதியபின் தெரிந்தால் முத்திரைச் செலவு வீண்.

13. பதிந்தபின் தவறவிடக்கூடாத தேதிகள்

ஜிஎஸ்டி எடுத்துவிட்டால், ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் 'நில்' ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் ஏறும். விற்பனை இருந்தால் 50. தொடர்ந்து ஆறு மாதம் விட்டால் எண்ணையே ரத்து செய்வார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சியில் கட்ட வேண்டும். உரிமத்திலோ உணவுப் பதிவிலோ காலாவதித் தேதி இருந்தால், அதற்கு ஒரு மாதம் முன்னால் மொபைலில் நினைவூட்டல் வையுங்கள். கடையை வேறு கட்டடத்துக்கு மாற்றினாலோ பெயரில் ஒரு சொல்லைக் கூட்டினாலோ, ஜிஎஸ்டியில் பதினைந்து நாளுக்குள் திருத்தம் கொடுத்துவிட்டு, அந்தத் திருத்திய சான்றிதழோடு உத்யம், உரிமம், வங்கி என்று மற்றவற்றையும் மாற்றுங்கள்.